மடையடிச் சண்டை

எங்கள் ஊர்க் குளத்து மடைக்கு மேலே ஒரு கருங்கல் சுவர் இருக்கிறது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மூன்றாவதாக ஒருவர் வந்தால் யாராவது எழுந்திருக்க வேண்டும். பிற்பகலில் புன்னை மரத்தின் நிழல் அதன்மேல் விழும். மடை திறந்திருக்கும் மாதங்களில் தண்ணீர் கீழே கொட்டுகிற இரைச்சலில் சற்றுத் தள்ளி நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஊர்க்காரர்கள் அங்கே துண்டை விரித்துப் படுப்பார்கள், செல்போன் பார்ப்பார்கள், கல்யாணக் காரியம் பேசுவார்கள். மெனக்கெட்டு அவ்வளவு தூரம் நடந்துபோய் அங்கே சண்டை போட்டவர்கள் நானும் அக்காவும் மட்டும்தான். சேர்ந்தே போவோம். சுவரோரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொண்டை கட்டுகிற வரைக்கும் ஒருவரையொருவர் ஏசுவோம். பிறகு சேர்ந்தே திரும்பி வருவோம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்த நாட்களில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா என்று நான் சொல்வது உடன்பிறந்தவளை அல்ல. என் கணவரின் அண்ணன் மனைவி. பாகம் பிரித்தபோது ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்து, கிழக்குப் பாதியை அவர்களும் மேற்குப் பாதியை நாங்களும் எடுத்துக்கொண்டோம். அந்தச் சுவர் பின்புறம் முற்றத்துக்கு வரும்போது நெஞ்சளவு உயரத்தோடு நின்றுவிடும். சுவரை ஒட்டி அவர்கள் பக்கம் ஒரு பலாமரம். வேரும் தடியும் அவர்களுக்கு, கிளையில் பாதி எங்களுக்கு. சருகெல்லாம் எங்கள் முற்றத்தில் விழும், சக்கை என்று நாங்கள் சொல்கிற பலாப்பழம் மட்டும் எப்படியோ அவர்கள் பக்கத்துக் கிளைகளில்தான் காய்க்கும். கடவுள் அந்த மரத்தை நட்டதே இரண்டு மருமகள்களுக்கு நடுவில் ஒரு பேச்சு வேண்டும் என்பதற்காகத்தான் என்று அத்தான், அதாவது அக்காவின் கணவர், சொல்வார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அக்கா இருக்கிற வீட்டில் இன்னொருவர் பேசுவதற்கு இடமும் இல்லை.

அவள் குரலை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. வயலில் நிற்கிற அத்தானுக்குக் கஞ்சி ஆயிற்று என்று அடுக்களையில் நின்றபடியே சொல்லிவிடுவாள், ஆள் அனுப்ப வேண்டியதில்லை. நான் தக்கலைப் பக்கத்துக்காரி. எங்கள் பேச்சில் மலையாளம் கொஞ்சம் கலந்திருக்கும், இழுவையும் இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் முதல் சண்டையில் நான் ஆவேசமாக என்னென்னவோ சொல்லி முடித்ததும் அக்கா இடுப்பில் கைவைத்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ ஏசுனாலும் தாராட்டுப் பாடுன மாதிரில்லா இருக்கு" என்றாள். கோபத்தை விட அந்தப் பேச்சுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஆகவே அந்த வீட்டில் என் பக்கம் பேச என்னைத் தவிர ஆளில்லை. நானும் குரலை வளர்த்துக்கொண்டேன். சருகுக்கும் சாணிக்கும் துணிக்கொடிக்கும் நாங்கள் போட்ட சண்டைகளைக் கேட்டுத்தான் தெருவில் பலருக்கும் பொழுது விடிந்தது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் சத்தம் ஆகாத ஒரு பிள்ளை வந்து பிறந்தாள்.

பிறந்து சில மாதம் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. கறுத்த பிள்ளை, உதடு கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருக்கிறது என்று நினைத்தோம். நாவல்பழம் தின்ற வாய் போல இருக்கிறது என்று கொஞ்சினோம்கூட. குளிப்பாட்டும்போது அழுதாள் என்றால் நகமெல்லாம் நீலம் பாரித்துவிடும். பால் குடிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குவாள், நெற்றி வியர்க்கும். நாகர்கோவில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டவர் எடுக்காமல் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் பெரிய டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். நடுச்சுவரில் ஓர் ஓட்டை, நுரையீரலுக்குப் போகிற வழி ஒடுக்கம், அதனால் நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்து உடம்புக்குப் போகிறது. அறுவை சிகிச்சை செய்து சரியாக்கலாம். ஆனால் இவள் எடை போதாது, கொஞ்சம் தேறட்டும். அதுவரை மருந்து கொடுக்க வேண்டும். கடைசியாக அவர் சொன்னதைத்தான் நான் வீடு வரும் வழியெல்லாம் மனதில் சொல்லிக்கொண்டே வந்தேன். "கூடுமானவரை அழ விடாதீங்க. அழுது நீலமாயிட்டா ரெண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோட சேத்துப் பிடிங்க. உடனே கொண்டு வாங்க."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லும். எங்கள் வீட்டில் அழுவதற்கு முன்பே பால் வந்தாக வேண்டும். பசி வருமுன் சோறு, தூக்கம் கலையுமுன் மடி, கேட்குமுன் கையில் பொருள். தலை சீவும்போது சிக்கு எடுக்க மாட்டேன், முடியைக் கட்டையாக வெட்டிவிட்டேன். குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் பானையில் சோறு வடித்தேன். பலூன்காரன் எங்கள் தெருவுக்கு வந்தால் யாராவது ஓடிப்போய் அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் பலூன் உடையும். மஸ்கட்டிலிருந்து அவள் அப்பா வீடியோவில் வருவார். பேசிமுடித்து வைக்கும்போது பிள்ளை அழும் என்று அவர் ஒருநாளும் "வைக்கேன் மக்கா" என்று சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே இருக்கும்போது படம் அப்படியே நின்றுவிடும். "சிக்னல் போச்சு" என்று நான் சொல்வேன். அந்த முனையில் விரலால் அழுத்திவிட்டு அவர் தனியாக உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அதிகம் புழங்கிய வார்த்தை 'பைய' என்பதுதான். மெதுவாக என்று அர்த்தம். பைய நட, பைய வை, பைய பேசு. கதவுக்குச் சொன்னோம், ஆட்டுக்குட்டிக்குச் சொன்னோம், காக்காயிடம்கூடச் சொன்னோம்.

அக்காவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்கு என்னவோ நெஞ்சில் கோளாறு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததும் சுவர் வழியாக ஒரு தூக்கு நிறைய முட்டையும் பனங்கற்கண்டும் நீட்டினாள். ஆனால் பிள்ளை நீலமாவதை அவள் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்குள் அப்போது போக்குவரத்து அவ்வளவு இல்லை.

பிள்ளைக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒருநாள் பகல். பழுத்த சக்கை ஒன்று சுவர்மேல் விழுந்து எங்கள் பக்கம் சிதறி, துவைத்துப் போட்டிருந்த பிள்ளையின் துணியெல்லாம் பிசினாகிவிட்டது. யார் முதலில் ஆரம்பித்தது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். உள்ளே தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடுக்கிட்டு எழுந்து வீரிட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அடங்கவில்லை. முதலில் உதடு, பிறகு மூக்கு, பிறகு முகம் முழுவதும் ஈயம் பூசியது போல ஆயிற்று. அழுகைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. நின்றதுதான் பயங்கரம். நான் முற்றத்தில் உட்கார்ந்து அவள் முழங்காலை மடக்கப் பார்க்கிறேன், மடக்க முடியவில்லை.

சுவரில் சேலை கிழிகிற சத்தம் கேட்டது. அக்கா அந்தச் சுவரை எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கனத்த உடம்பு அவளுக்கு. வந்து என் கைமேல் கையை வைத்து இரண்டு முழங்காலையும் பிள்ளையின் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "என் தாயே, என் தாயே" என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாயிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வந்து நான் கேட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை மூச்சை இழுத்தது. நீலம் வடிந்து பழைய கறுப்பு வந்தது. அத்தான் ஆட்டோ கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அக்கா முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு ஒரு விசித்திரமான காலம் தொடங்கியது. சண்டைக்கான காரணங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சருகு விழுந்தது, சாக்கடை அடைத்தது, கோழி வந்தது. ஆனால் வாயைத் திறக்க முடியாது. மெல்லிய குரலில் சண்டை போட்டுப் பார்த்தோம். "நீங்க செஞ்சது நல்லாயில்ல கேட்டேளா" என்று நான் கிசுகிசுப்பேன். "நீ ரொம்ப யோக்கியமாக்கும்" என்று அவளும் கிசுகிசுப்பாள். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ரகசியம் பேசுகிறோம் என்றுதான் தோன்றும். பையப் பேசினால் கோபம் பாதி வழியிலேயே செத்துவிடுகிறது, மீதி உள்ளே கிடந்து புளிக்கிறது. அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஓங்குவாள், பல்லைக் கடிப்பாள், ஒரு சுள்ளியை எடுத்து என் கண்ணெதிரே முறித்துப் போடுவாள். அவள் முகம் சிவந்து வீங்கிவிடும். இவளுக்கும் மூச்சு முட்டிவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

ஒருநாள் மாலை வெயில் தாழ்ந்த நேரம். அவள் வாசல் வழியாகவே வந்தாள். கூட அத்தான். "பிள்ளைய இவாளுக்கிட்ட குடுத்துட்டு வா" என்றாள், சத்தமில்லாமல்.

"எங்கே?"

"மடைக்கு. அங்க வச்சு ஒன்னைய நாலு வார்த்த கேக்கணும். உள்ளுக்கு வச்சிக்கிட்டு என்னால உறங்க முடியல்ல."

நான் போனேன். எனக்கும் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. அணை திறந்து கால்வாயில் தண்ணீர் வந்து குளம் நிரம்பிக் கிடந்தது. வரப்பில் ஓர் இடத்தில் சேறாக இருந்தது, அவள் முன்னால் தாண்டிவிட்டு எனக்குக் கை கொடுத்தாள். மடைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினோம். சுற்றிலும் பார்த்தாள், யாருமில்லை. பிறகு ஆரம்பித்தாள். தண்ணீர் இரைச்சலையும் மீறி அந்தக் குரல் எழுந்தபோது அக்கரையில் நின்ற கொக்குகள் பறந்துபோயின. நானும் விடவில்லை. தாராட்டுப் பாடுகிறேன் என்று அவள் சொன்னதிலிருந்து தொடங்கினேன். சாதாரணமாக அவளை நான் 'நீங்க' என்றுதான் சொல்வேன். மடையில் அது 'நீ' ஆகிவிட்டது. கத்தி ஓய்ந்ததும் சுவரில் உட்கார்ந்தோம். மூச்சு வாங்கியது. "தொண்ட காஞ்சு போச்சு, போலாமா?" என்றாள். "போலாம், நீங்க எழும்புங்க" என்றேன். திரும்பி வந்தபோது அத்தான் பலா இலைகளை ஈர்க்குக் குத்தித் தொப்பி செய்து பிள்ளைக்கும் தமக்கும் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு வெகுநாளைக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது.

அது வழக்கமாகிவிட்டது. வாரத்தில் ஒருநாள், சில வாரம் இரண்டு நாள், அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கண்ணால் குளத்துப் பக்கம் காட்டுவாள். சண்டைக்கு விஷயம் தீர்ந்துபோன நாட்களும் உண்டு. அப்போது பழையதை எடுத்துப் புதுப்பித்துக்கொண்டோம். என் கல்யாணத்தில் அவள் வீட்டாருக்குப் பந்தியில் முதல் இலை போடவில்லை என்பது மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதற்கும் வந்தது. ஒருநாள் நடுச்சண்டையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சக்கைக்காக அழவில்லை என்று அவளுக்கும் தெரியும். வீட்டில் நான் அழ முடியாது. என் கண் கலங்கினால் பிள்ளையின் கண் கலங்கும். குளிக்கிற அறையில்கூட அழுததில்லை, வெளியே வந்தால் முகம் காட்டிக்கொடுக்கும். அன்று மடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அக்கா தேற்றவில்லை, தொடவும் இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முடித்ததும், "முகத்தக் கழுவிட்டு வா. மூக்கு செவந்திருக்கு, பிள்ள பாத்துரும்" என்றாள். ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் எனக்கு நிறையப் பேர் இருந்தார்கள். அழுதுவிட்டு வர ஓர் இடம் காட்டியவள் அவள் ஒருத்திதான்.

பிள்ளை நடக்கத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் நடந்ததும் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள், முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு. சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்து நடப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் மடக்கிப் பிடித்ததை அவள் உடம்பே கற்றுக்கொண்டிருந்தது. தெருவில் பார்ப்பவர்கள், "என்ன மக்கா, கோழி மாதிரி அடைக்கு உக்காந்துட்டியா?" என்று விளையாடுவார்கள். அவளும் சிரிப்பாள், பேச மூச்சிருக்காது.

இதற்கிடையில் எடை போதுமான அளவுக்கு வந்துவிட்டது, இனி தள்ளிப்போட வேண்டாம் என்று திருவனந்தபுரத்தில் சொன்னார்கள். இத்தனை நாள் அதற்காகத்தான் காத்திருந்தேன். சொன்னதும் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். நாவல்பழ வாயும் நீல நகமுமாக இருந்தாலும் பிள்ளை என் கையில் இருக்கிறது. அந்தச் சின்ன நெஞ்சைத் திறப்பதற்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பதா? என் பிறந்த வீட்டில் ஜாதகம் பார்த்து ஆடி கழியட்டும் என்றார்கள். ஆடி கழிந்தது, அவருக்கு லீவு கிடைக்கட்டும் என்றேன். லீவு கிடைத்தது, பிள்ளைக்குச் சளி என்றேன். சளி உண்மைதான். எல்லாமே உண்மையான காரணங்கள்தான்.

அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அன்று வழியில் சேற்றைத் தாண்ட எனக்குக் கை கொடுக்கவில்லை. செருப்பைக் கழற்றவும் இல்லை.

"ஏட்டி, நேத்து பிள்ளைய நான் பாத்துக்கிட்டே இருந்தேன். முன்னால பிலா மரத்து மூடு வரைக்கும் நடந்துட்டுத்தான் குத்தவைப்பா. இப்பம் வாச நடையெறங்குனதும் குத்தவைக்கா. நீ பாக்கல்லியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா சளி சளின்னு சொல்லிக்கிட்டு இருக்கே? டாக்டரு வான்னு சொல்லியாச்சு. மாப்பிள்ள வந்து நிக்கான். ஒனக்கு இன்னும் எந்த நாளு வரணும்?"

"உங்களுக்கென்ன, சொல்லிருவிய. பெத்தது நானாக்கும்."

"பெத்தவ செய்யிய காரியமா இது? பிள்ள மூச்சுக்கு இழுக்கு, நீ பஞ்சாங்கம் பாத்துக்கிட்டு இருக்கே."

"கொண்டுபோய்ப் படுக்க வச்சு, பிள்ள செத்துப் போனா நீ கொண்டு தருவியா?" என்று நான் கத்தினேன்.

அந்த வார்த்தையை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. டாக்டர்கூட வேறு விதமாகத்தான் சொன்னார். எல்லார் தொண்டையிலும் அது மட்டும்தான் இருந்தது. சொன்ன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா அருகில் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். சத்தம் இறங்கிய குரலில் கேட்டாள், "சொல்லிட்டியா?"

நான் தலையசைத்தேன்.

"இத்தன நாளும் இதத்தான் வயித்துக்குள்ள வச்சிருந்தியா? இங்க போட்டுட்டு வா. வீட்டுக்குள்ள கொண்டு வரண்டாம். வெள்ளத்தோட போவட்டும்." பிறகு அவளும் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு பிள்ளே" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அதே வாரம் நாங்கள் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டோம். அக்காவும் வண்டியில் ஏறிக்கொண்டாள், யாரும் கூப்பிடவில்லை.

அறுவை சிகிச்சை நடந்த அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் பிள்ளையை உள்ளே தள்ளிக்கொண்டு போனதிலிருந்து சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். காபி வேண்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டினாள். என் கணவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், நான் வாசல் கதவையே பார்த்திருந்தேன், அவள் வாயை மூடிக்கொண்டு மடியில் கையைப் பின்னிக்கொண்டிருந்தாள். பயத்தில் வாய் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஊரையே தூக்குகிற வாய், எனக்கு ஒரு சொல் தேவைப்பட்ட அன்றைக்கு இப்படி மூடிக்கொண்டதே என்று. டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

குழாயெல்லாம் எடுத்த பிறகு ஒருநாள் காலையில் என்னை உள்ளே விட்டார்கள். பிள்ளை என்னைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கினாள். குரல் கரகரவென்று இருந்தது. நான் பழக்கத்தில் பாய்ந்து முழங்காலை மடக்கப் போனேன். பக்கத்தில் நின்ற மலையாளத்து நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கரையட்டே சேச்சி, குழப்பமில்லா. கரையட்டே." அழட்டும், ஒன்றும் ஆகாது என்றாள். நான் கையைக் கட்டிக்கொண்டு என் பிள்ளை அழுவதைப் பார்த்தேன். நீலத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மூக்கு நுனி சிவந்தது, காது மடல் சிவந்தது, கறுத்த கன்னத்துக்குள்ளே இருந்து செம்பு நிறம் ஒன்று ஏறி வந்தது. என் பிள்ளைக்கு அந்த நிறமும் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகமும் அதே நிறமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, தையல் ஆறி, பிள்ளை முற்றத்தில் நடமாடத் தொடங்கிய ஒரு காலை. நான் சருகு பெருக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே அக்கா தலை தெரிந்தது. பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தெரு முழுக்கக் கேட்கிற பழைய குரலை எடுத்து, சருகை அவள் பக்கம் தள்ளுவதாக என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். நான் ஒரு சருகைக்கூடத் தள்ளவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத்தான் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்று, இருக்கிற சத்தத்தையெல்லாம் கூட்டி, "பெரியம்மே, பைய!" என்று அதட்டினாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை. "வாயுள்ள பிள்ள பொழச்சுக்கும்" என்று மட்டும் கேட்டது.

பிள்ளை இப்போது நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போகிறாள். வருடம் ஒருமுறை திருவனந்தபுரத்துக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறோம். பின்னால் எப்போதாவது ஒரு வால்வு மாற்ற வேண்டி வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதை அவள் என்னைவிட நிதானமாகக் கேட்டுக்கொள்கிறாள். நெஞ்சுத் தழும்பை மறைக்க நான் கழுத்து ஏறிய உடுப்பாக எடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். குரல் மட்டும் என்னைக் கொண்டில்லை, அவள் அப்பாவைக் கொண்டும் இல்லை. அது பெரியம்மாவின் குரல். அடுக்களையில் நின்று தெருமுனை ஆட்டோவை நிறுத்துகிறாள். அவள் அப்பா மஸ்கட்டை விட்டு வந்து ஊரிலேயே இருக்கிறார், அவளிடம் 'பைய, பைய' என்று சொல்லிக்கொண்டு.

அக்காவுக்குத்தான் காது கேட்காமல் போய்விட்டது. ஒரே நாளில் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் டி.வி. சத்தத்தைக் கூட்டினாள். பிறகு எதைக் கேட்டாலும் "ஆங்?" என்றாள். சென்னையில் இருக்கிற மகன் காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தான். "கண்ணுக்குக் கண்ணாடி போட்டா படிச்சவ மாதிரி இருக்கும், காதுக்கு மிஷின் வச்சாக் கெழவியாக்கும்" என்று பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள். ஒரு காலத்தில் மூச்சு விடக்கூடப் பயந்து நடந்த வீட்டில் இன்று எல்லாரும் தொண்டை கிழியக் கத்துகிறோம். அவள் மட்டும் பையப் பேசுகிறாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் அளவு தெரியவில்லை. சண்டை அறவே நின்றுபோயிற்று. ஏசுவது கேட்காத ஆளிடம் என்ன சண்டை? பலாமரம் வழக்கம்போலச் சருகை எங்கள் பக்கம் போட்டுக்கொண்டிருக்கிறது. நான் பெருக்கி அள்ளும்போது சுவருக்கு மேலே பார்ப்பேன். யாருமில்லாத அந்தச் சுவர் எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் ஒரு மாலையில் அவளே வாசலுக்கு வந்தாள். குளத்துப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அந்த முழங்கால் இப்போது சரியாக மடங்குவதில்லை, சுவர் தாண்டியபோது பட்ட அதே கால். என் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். மடையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவளுக்கு அது கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினோம். "ம், தொடங்கு" என்றாள்.

நான் சருகிலிருந்து தொடங்கினேன். "கேக்கல்ல" என்றாள். உரக்கச் சொன்னேன். "கேக்கல்ல, இன்னும் ஒறக்க." பந்தியில் இலை போடாததை நானே எடுத்துக் கத்தினேன். அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள். அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அவளும் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்தபடி, இப்போதெல்லாம் பேசுகிற அந்த மெல்லிய குரலில் சொன்னாள். "நான் முத்தாரம்மன்கிட்ட ஒண்ணு வேண்டியிருந்தேன். பிள்ளைய ஆப்ரேசனுக்குக் கொண்டு போனம்லா, அதுக்கு முந்துன நாளு. எனக்கிட்ட வேற என்ன இருக்கு? எனக்க சத்தத்த எடுத்துக்கோ, பிள்ளைக்கு மூச்சக் குடுன்னு சொன்னேன். அதனாலயாக்கும் அன்னைக்கு ஒரு வார்த்த பேசல்ல. அப்புறமும் எடுக்கியாளா எடுக்கியாளான்னு பாத்தேன், எடுக்கல்ல. சரி, சத்தம் போட்டுப் பாப்பம்னு ஒன்னையத்தான் முதல்ல ஏசுனேன்." காது மடலைத் தொட்டுக் காட்டினாள். "இப்பம் வந்து காத எடுத்திருக்கா. வாயத் தாறேன்னு சொன்னா காத எடுத்துட்டுப் போறா. அவளுக்கும் வயசாச்சுல்லா, ஓர்மை இல்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி நாற்காலியில் பின்னிக்கிடந்த அந்தக் கையை. என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்கப் போவதில்லை, அது அப்போது நல்லதாகவே இருந்தது. கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கவும் மாட்டேன். அவளைப் பார்த்து என் மனதில் இருந்ததை எல்லாம், ஒரு பிள்ளையை இரண்டு பேர் பெற முடியும் என்பது உட்பட, சாதாரணக் குரலில் சொல்லி முடித்தேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

அப்போது வரப்பின் அந்தக் கோடியில் பிள்ளை வருவது தெரிந்தது. கல்லூரியிலிருந்து வந்து வீட்டில் எங்கள் இருவரையும் காணாமல் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். ஓடி வந்தாள். தோள் துணி பறக்க, நடுவில் எங்கேயும் நிற்காமல், குத்தவைக்காமல், குளத்தங்கரை முழுக்க ஓடிக்கொண்டே எங்களை ஏசினாள். "செல்ல எடுத்துட்டுப் போவண்டாமா? இருட்டப் போவுது, முட்டுவலிய வச்சிக்கிட்டு ரெண்டு பேருக்கும் மடையில என்ன சோலி?"

அக்கரையில் கொக்குகள் எழுந்தன. நான் அக்காவைத் தொடவில்லை, கையைக் காட்டவும் இல்லை. அவளாகவே தலையைத் திருப்பினாள்.

"ஆரு ஏசுகா?" என்றாள். "நம்ம பிள்ளையா?"

பிள்ளை வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது, எல்லாருக்கும் வாங்குகிற மாதிரி. முகம் நன்றாகச் சிவந்திருந்தது. அக்கா சுவரில் தன் பக்கத்தைத் தட்டிக் காட்டி, "இன்னும் ரெண்டு ஏசு மக்கா, நல்லாக் கேக்கு" என்றாள். சுவரில் மூன்று பேருக்கு இடமில்லை. நான் எழுந்துகொண்டேன்.